அறுபத்தெட்டு கிலோ நானூறு கிராம்

செத்துப்போன ஒரு மனிதரை நூறு நாள் உயிரோடு வைத்திருந்தவள் நான். பெரிய பெரிய டாக்டர்களால் முடியாத காரியத்தை, மாடியில் என் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றை வைத்தே சாதித்தேன். நூறு என்பது கொஞ்சம் தூக்கல்தான். நான் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். இதிலும் பாதியைக் கழித்தால் கணக்கு ஏறக்குறைய நேராகிவிடும். நாற்பத்தொன்பது நாள்.

நான் மட்டுமே சாதித்ததாகச் சொன்னதிலும் பாதியைக் கழிக்க வேண்டும். விரலால் ஆகிற வேலை என்னுடையது. கனமான வேலை முழுவதும் கீழ்வீட்டுத் தராசம்மாவுடையது. இது அவள் கதை.

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் முன்பக்கம் தராசு ரிப்பேர் கடை. பின்பக்கம் இரண்டு அறை, அவர்கள் குடியிருப்பு. அந்தக் கடையில் வேலைக்குக் குறைவே இருந்ததில்லை. மருந்துக்கடைத் தராசு, நகைக்கடைத் தராசு, பிறந்த குழந்தையைக் கிடத்தி எடை பார்க்கும் தொட்டித் தராசு என்று மேசை எப்போதும் நிறைந்திருக்கும். தராசம்மா கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு பக்கம் குனிந்திருப்பாள். அவள் கணவர் இன்னொரு பக்கம் வருகிறவர் போகிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். கடை அவர் பெயரில், வேலை அவள் கையில் என்று தெருவில் சொல்வார்கள். அது அநியாயம். அவரும் நல்ல வேலைக்காரர்தான். வாய் ஓய்ந்த நேரத்தில் செய்வார்.

அவர்கள் கல்யாணக் கதையை நான் பல விதமாகச் சொல்லியிருக்கிறேன். உண்மை இதுதான். அவள் அப்போது தராசுகளுக்கு முத்திரை போடும் அலுவலகத்தில் உதவியாளர். எடைக்கல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆய்வாளருக்குப் பின்னால் கடை கடையாகப் போகிற வேலை. அவர் சரிசெய்து வைத்திருந்த தராசில் ஐந்து கிராம் பிசகு என்று ஆய்வாளர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் இவள் கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த மாதம் இன்னொன்று. அதற்கடுத்த மாதம் இன்னொன்று. மூன்று தராசைத் தள்ளிய பெண்ணை அவர் பெண் கேட்டுப் போனார். புருஷன் தராசுக்குப் பெண்டாட்டி முத்திரை போடுவது முறையாகாது என்று அவள் வேலையை விட்டாள். அன்றிலிருந்து அவர் அவளை ஆபீசரம்மா என்றுதான் கூப்பிட்டார். சண்டை நாளில் மட்டும் வெறும் ஆபீசர்.

அலுவலகத்தை விட்டாளே தவிர, அலுவலகம் அவளை விடவில்லை. ஒரு நாள் கீழே இறங்கிப்போய்க் கேட்டேன்.

"கொஞ்சம் சர்க்கரை இருந்தா குடேன்."

"கொஞ்சம்னா எவ்வளவுக்கா?"

"ஒரு கை."

"யார் கை?"

அவர் பின்னாலிருந்து, "என் கைன்னு சொல்லுங்கக்கா, லாபம்" என்றார். அப்படி ஒரு வீடு அது.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அவருக்கு நெஞ்சு பழுதானது. அடைப்பு இல்லை, இதயத்தின் தசை தளர்ந்துவிட்டது. ரத்தத்தை முழுதாகத் தள்ள முடியாமல் போனால் உடம்பில் நீர் தேங்கும். முதலில் காலில், பிறகு வயிற்றில், கடைசியில் நுரையீரலில். ஒரே வருடத்தில் நான்கு தடவை மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நான்காம் தடவை திரும்பும்போது ஆஸ்பத்திரி அவர் கையில் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்து அனுப்பியது.

பெட்டியில் தட்டையான ஒரு எடை மேடை, நீல விளக்கு எரியும் சின்ன வெள்ளை டப்பா, ஒரு காகிதம். காகிதத்தில் இருந்த முகவரியை ஃபோனில் திறந்தால் அவருக்கென்று ஒரு பக்கம். பேஷண்ட் போர்ட்டல் என்று ஆஸ்பத்திரியில் பெயர். நாங்கள் பக்கம் என்றே சொன்னோம். தினமும் காலையில் எழுந்து, கழிப்பறைக்குப் போய்விட்டு, எதையும் சாப்பிடாமல் மேடையில் ஏறி நிற்க வேண்டும். நீல விளக்கு மூன்று தடவை சிமிட்டும். எடை தானாகப் பக்கத்துக்குப் போய்க் கோட்டில் ஒரு புள்ளியாகச் சேரும். ரத்த அழுத்தத்தையும் நாடியையும் நாமே எழுத வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவு, மாத்திரைப் பட்டியல், அடுத்து டாக்டரைப் பார்க்கும் தேதி எல்லாம் அங்கேயே இருக்கும். ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினாலோ வாரத்தில் இரண்டு கிலோ ஏறினாலோ அது சாப்பாட்டால் ஏறிய எடை இல்லை, நீர். உடனே இதயப் பிரிவு நர்ஸ் எழுதுவாள்: கால் வீங்கியிருக்கிறதா, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள், இன்றைக்கு நீர் மாத்திரை அரை கூட்டுங்கள். இரண்டு நாளில் கோடு பழையபடி இறங்கிவிடும். அதற்குப் பிறகு இரண்டரை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தார். இதில் நான் ஒரு கிராம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

ஃபோனில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. வருடக்கணக்காக ஸ்குரூடிரைவர் பிடித்துக் காய்த்துப்போன தராசம்மாவின் விரலுக்குத் தொடுதிரை மசியவில்லை. அவருக்குக் கண்ணாடி எப்போதும் வேறு சட்டைப்பையில் இருக்கும். அதனால் நர்ஸின் கேள்விக்கு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். சொல்லாததையும் எழுதுவேன். நேற்று நடந்தீர்களா என்று நர்ஸ் கேட்டால் அவர், "ஆமாம்னு போடுங்கக்கா" என்பார். நான், "மூன்று தெரு நடந்தேன், வழியில் ஒரு பஸ்ஸை முந்தினேன், ஆபீசரம்மா சாட்சி" என்று போடுவேன். நர்ஸ் சிரிப்புப் பொம்மை அனுப்புவாள். அவர் அதைத் தானே சம்பாதித்ததுபோல் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார்.

எடை மேடை வந்த முதல் நாளே தராசம்மா அதை நம்பவில்லை. கல் வைத்துப் பார்க்காத தராசில் என் புருஷனை ஏற்ற மாட்டேன் என்றாள். கடையிலிருந்து முத்திரை போட்ட இருபது கிலோ கல்லைக் கொண்டுவந்து மேடையில் வைத்தாள். சரியாக இருபது காட்டியது. அதன் பிறகுதான் அவர் ஏறினார். அன்று மத்தியானமே நர்ஸிடமிருந்து பதறிக்கொண்டு செய்தி: இன்று காலை உங்கள் எடை 20.0 கிலோ என்று வந்திருக்கிறது, தயவுசெய்து மறுபடி நிற்கவும். "கொஞ்சம் மெலிந்துவிட்டேன், பத்து நிமிடத்தில் தேறிவிட்டேன், கோட்டைப் பாருங்கள்" என்று எழுதினேன். விஷயம் தெரிந்த பிறகு நர்ஸும் பழகிக்கொண்டாள். அந்த வீட்டிலிருந்து தினமும் காலையில் முதலில் ஒரு இருபது வரும், பிறகு மனிதர் வருவார்.

அப்படி இருந்தவர், போன கோடையில் வெளியூரில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில், சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நடுப்பகல். பக்கத்தில் உட்கார்ந்து பேரனுடைய பொம்மைத் தராசின் முள்ளை நேராக்கிக்கொண்டிருந்த தராசம்மாவுக்கே தெரியவில்லை. அந்த ஊர் டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டார். எல்லாம் அங்கேயே முடிந்துவிட்டது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பதினைந்தாம் நாள் அவள் தனியாகத் திரும்பி வந்தாள். மகள் அங்கேயே இருக்கச் சொன்னாளாம். கடையில் ஏழு தராசு பிரித்தபடி கிடக்கிறது என்று இவள் கிளம்பிவிட்டாள். வந்த அன்று சாயங்காலம் அவருடைய ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள்.

"அக்கா, இதைக் கொஞ்சம் படிங்க."

பக்கத்தில் நான்கு செய்தி. கடைசிச் செய்தி இது: 'ஐயா, பதினைந்து நாட்களாக உங்கள் எடை வரவில்லை. நலமாக இருக்கிறீர்களா? பஸ்ஸை முந்தியது போதும், தராசில் ஏறுங்கள்.'

அந்த பஸ்ஸைக் கிளப்பிவிட்டவள் நான்.

"விஷயத்தைச் சொல்லி எழுதிடறேன்" என்றேன்.

"எழுதுங்க."

'அவர்' என்று எழுதினேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வார்த்தைக்கு விரலைக் கொண்டுபோகும்போது கையைப் பிடித்துவிட்டாள்.

"வேண்டாங்க்கா."

"ஏன்?"

"எல்லாரும் எப்படிப் போச்சுன்னு கேக்கறாங்க. இந்தப் பொண்ணு ஒருத்திதான் எப்படி இருக்கார்னு கேக்குது."

படித்தவள், பேரன் பேத்தி எடுத்தவள், அந்த இடத்தில் ஒரு நியாயம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'அவர்' என்பதை அழித்துவிட்டு அவர் குரலில் எழுதினேன்: 'மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். தராசு கூட வர மறுத்துவிட்டது. நாளைக் காலையிலிருந்து நிற்கிறேன்.' அனுப்பிய மறு நிமிடம் சிரிப்புப் பொம்மை வந்தது. அதைப் பார்த்து அவளும் சிரித்தாள். பதினைந்து நாளில் முதல் சிரிப்பு என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் பொய், நாளைக்கு அவளே வந்து உண்மையை எழுதச் சொல்வாள் என்று நினைத்தேன். மறுநாள் காலை பக்கத்தைத் திறந்து பார்த்தேன். முதலில் 20.0. அடுத்து 68.4.

படியில் நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பின்னறைக் கதவு திறந்துதான் இருந்தது. ஜன்னல் பக்கம், அவர் நிற்கிற அதே இடத்தில் எடை மேடை. அதன் மேல் கைப்பிடி வைத்த இருபது கிலோ இரும்புக் கல் மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக. அதற்கு மேல் ஒரு ஐந்து, ஒரு இரண்டு, ஒரு ஒன்று. உச்சியில் சின்னதாக இரண்டு பித்தளைக் கல், இருநூறு இருநூறு கிராம். இடுப்புயரம்கூட இல்லாத அந்தக் குவியலைப் பார்த்தபோது யாரோ குந்தி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. தராசம்மா இரண்டடி தள்ளி, அலுவலகத்தில் நிற்பதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நீல விளக்கு மூன்று தடவை சிமிட்டும்வரை நின்றிருந்தாள். பக்கத்தில் அவருடைய செருப்பு, மேடையில் ஏறுகிறவர் கழற்றிப் போட்டதுபோல.

"கடைசியா ஊருக்குக் கிளம்பின அன்னிக்கு அறுபத்தெட்டு நானூறு" என்றாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து தினமும் அறுபத்தெட்டரை கிலோ இரும்பை அவள் கடையிலிருந்து பின்னறைக்குச் சுமந்தாள். பிறகு பின்னறையிலிருந்து கடைக்குச் சுமந்தாள், கடை வேலைக்கு அந்தக் கல் வேண்டுமே. பத்தாம் நாள் நர்ஸ் எழுதினாள்: உங்கள் எடை பத்து நாளாக ஒரே புள்ளியில் நிற்கிறது, மிகவும் நன்று, ஆனால் இப்படி யாருக்கும் நிற்காதே. தராசம்மா வெட்கப்பட்டுப்போனாள். கள்ளத் தராசுக்காரர்கள் மாட்டிக்கொள்வதே இப்படித்தான், நிஜ எடை என்றால் ஆடும் என்று அவளுக்கே தெரியும். மறுநாளிலிருந்து ஆட்டத்தையும் அவளே வைத்தாள். எப்படி வைக்கிறாள் என்று கேட்டேன்.

"நேத்து ஞாயித்துக்கிழமை. ரெண்டாவது தடவை சோறு கேட்டிருப்பார். நூத்தம்பது கூட்டினேன்."

"கேட்டிருப்பாரா?"

"நான் முறைச்சிருப்பேன். அதனால அம்பது கழிச்சேன்."

செத்தவருடைய சாப்பாட்டை அவள் நாள்தோறும் யோசித்து நிறுத்தாள். மழை பெய்த மறுநாள் அவர் நடக்கப் போயிருக்க மாட்டார் என்று நூறு கூட்டினாள். வெயில் கொளுத்திய மறுநாள் இருநூறு குறைத்தாள். ரத்த அழுத்தத்துக்கும் நாடிக்கும் என்ன செய்வது என்று கேட்டேன். அதை மட்டும் கற்பனையாக எழுத மாட்டேன் என்றாள். கருவியைத் தன் கையில் மாட்டி, வந்ததை அப்படியே எழுதச் சொன்னாள். எழுதினேன். நாடி வாரா வாரம் ஏறிக்கொண்டு வந்தது. படியேறி வந்தவுடன் பார்க்கிறாள், அதனால்தான் என்று நினைத்தேன்.

இதற்கிடையே பக்கத்தின் மேல்மூலையில் ஒரு மஞ்சள் பட்டை வந்தது. மூன்று மாதப் பரிசோதனை, நேரில் வரவும். தேதியும் இருந்தது. ஒரு தடவை தள்ளிப்போடும் பொத்தானை அமுக்கினேன். ஒரு தடவைக்கு மேல் அமுக்க விடவில்லை. ஐம்பத்தைந்தாம் நாள் அவர் டாக்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாக வேண்டும்.

"அன்னிக்கு என்ன செய்யப்போறே? மூணு கல்லையும் ஆட்டோவில் ஏத்திட்டுப் போவியா?" என்று கேட்டேன்.

"அன்னிக்குச் சொல்லிடலாம்க்கா. அதுவரைக்கும் இருக்கட்டும்." பிறகு சொன்னாள், "மூடிடுவாங்க இல்ல? பக்கத்தை?"

"மூடத்தானே வேணும்."

அவள் எழுந்துகொண்டாள். படியிறங்கும்போது நடுப்படியில் நின்று, சுவரில் கை வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி இறங்கினாள். அதை நான் பார்த்தேன். துக்கம் என்று நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள். "அவர் போனதிலேருந்து நெஞ்சுல ஒரு கல்லு உக்காந்திருக்குக்கா" என்பாள். அவள் சொன்னதால் நம்பினேன். எடை விஷயத்தில் அவள் தப்பே சொல்வதில்லை.

நாற்பத்தேழாம் நாள் அவள் வைத்தது அறுபத்தெட்டு ஐநூறு. பக்கத்தில் விழுந்தது 69.3.

வைத்த கல்லை அவள் தினமும் ஒரு நோட்டில் குறித்து வைப்பாள். நோட்டையும் ஃபோனையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். மறுநாள் வைத்தது அறுபத்தெட்டு நானூறு, விழுந்தது 69.9. எல்லாவற்றையும் இறக்கி, தனியாக ஒரு இருபதை மட்டும் வைத்தாள். சுத்தமாக இருபது. மேடையைக் கவிழ்த்துப் பிரித்து, அடியில் எடையை உணரும் நான்கு உலோகக் கட்டைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். பழுது இல்லை. மறுபடி பூட்டினாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் காலையில் அவள் என் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. ஏறி வந்த கடைசிப் படியிலேயே உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டாள். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் இருந்தது.

"அக்கா. எழுபது அறுநூறு."

"நீ என்ன வெச்சே?"

"அதே அறுபத்தெட்டு நானூறு." ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு எடுத்தாள். "அக்கா, அவருக்கு நீர் கோக்குது."

எத்தனையோ பேய்க் கதைகளை நான் கட்டியிருக்கிறேன். தெருக்குழந்தைகள் என்னிடம் கதை கேட்டுவிட்டுத் தனியாகக் கழிப்பறைக்குப் போகப் பயப்படும். அந்தக் காலை வெளிச்சத்தில், தெருவில் கடைக்காரர்கள் பேசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்த நான்கு வார்த்தையைக் கேட்டு நான் திரும்பி என் முதுகுப் பக்கம் பார்த்தேன்.

அவள் மடியில் இருந்த ஃபோன் மணி அடித்தது. நர்ஸ்தான். சிரிப்புப் பொம்மை இல்லை. 'மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறியிருக்கிறீர்கள். உடனே பதில் வேண்டும்.' அதன் கீழே கேள்விகள். நான் வாய்விட்டுப் படித்தேன்.

"கால் வீங்கியிருக்கா?"

நான் தற்செயலாகக் குனிந்தேன். செருப்பு வார் அவள் பாதத்தில் புதைந்து கிடந்தது. விரலால் அமுக்கினேன். அமுக்கின குழி அமுங்கினபடியே இருந்தது.

"எத்தனை தலைகாணி வெச்சுப் படுக்கறீங்க?"

"மூணு."

"அவரா?"

"அவருக்கு ரெண்டுதான்க்கா. மூணு எனக்கு."

"எப்பலேருந்து?"

"பத்துப் பதினஞ்சு நாளா." அவள் வாயில் 'பத்துப் பதினஞ்சு' என்ற சொல்லை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். எத்தனை என்று திட்டமாகச் சொல்லக்கூட அவளுக்கு மூச்சு இல்லை.

"குனிஞ்சு நிமிர்ந்தா மூச்சு வாங்குதா?"

இதற்கு அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இந்தக் கேள்விகளெல்லாம் இரண்டரை வருடமாக அவளுக்கு மனப்பாடம். தினமும் அவரைக் கேட்டாள். ஒரு நாள்கூடத் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆமாம், மூன்று, ஆமாம் என்று மூன்று பதிலையும் எழுதி அனுப்பிவிட்டேன். ஜோடனை எதுவும் இல்லாமல் நான் எழுதிய முதல் பதில் அது. உடனே வந்தது: 'ஆம்புலன்ஸ் அனுப்புகிறோம். கதவைத் திறந்து வையுங்கள். படுக்காதீர்கள், சாய்ந்து உட்காருங்கள்.'

"வேண்டாம்னு எழுதுங்கக்கா." அவள் என் முழங்கையைப் பிடித்தாள். பிடியில் வலு இல்லை. "வந்தா அவர் இல்லேன்னு தெரிஞ்சிடும். மூடிடுவாங்க. ஆறு நாள் பாக்கி இருக்கு. ஆறு நாள் கழிச்சு நானே போறேன்."

"ஆறு நாள் நீ இருக்கணுமே."

"எழுதுங்கக்கா."

"எழுதறேன்" என்றேன். எழுதினேன். என் பேரில் எழுதினால் நான் யார் என்று அந்தப் பெண்ணுக்குப் புரிய வைக்கவே பத்து நிமிடமாகும். அவளுக்குத் தெரிந்த குரல் ஒன்றுதான். அந்தக் குரலிலேயே எழுதினேன்: 'எனக்கு ஒன்றுமில்லை. மூச்சு முட்டுவது ஆபீசரம்மாவுக்கு. கால் வீங்கியிருக்கிறது. சொன்னால் கேட்க மாட்டாள். சீக்கிரம் வாருங்கள்.'

அனுப்பியதை அவளிடம் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். 'சொன்னால் கேட்க மாட்டாள்' என்ற இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்படியே அவர் சொல்றாப்பலயே இருக்கு" என்றாள். என் முழங்கையை விட்டுவிட்டாள்.

இரண்டு பேர் ஸ்டிரெச்சரோடு வந்தார்கள். ஒருவர் படியில் அவளைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் எதற்கும் ஐயாவையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று பின்னறைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"யாருமில்லையே. தராசு மேல இரும்பு அடுக்கி வெச்சிருக்கு, விளக்கு வேற எரியுது. யாரும்மா இதுல நின்னது?"

வாயில் ஆக்ஸிஜன் மூடியை வைக்கப்போன நேரத்தில் தராசம்மா அதை விலக்கிச் சொன்னாள்: "அவர்தான்."

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவருக்கு வந்த அதே நோய், அதே தளர்ந்த இதயம். பல மாதமாகவே இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். நான்கு கிலோ எழுநூறு கிராம் நீர் இறக்கினார்கள். எழுநூறு என்று எனக்குச் சொன்னவள் அவள்தான். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் நர்ஸ் வார்டுக்கு வந்தாள். ஆளைப் பெரிதாகக் கற்பனை செய்திருந்தேன். ஒல்லியாக, பள்ளிக்கூடப் பெண்போல் இருந்தாள்.

"ஐயா வெளியில இருக்காரா? கூப்பிடுங்கம்மா. ரெண்டரை வருஷமா என்னைச் சிரிக்க வெச்சிருக்கார், ஒரு தடவை நேர்ல பாத்துடறேன்."

தராசம்மா என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பஸ்ஸை முந்தியது நான், மெலிந்து தேறியது நான், அவர் போய் அறுபத்தாறு நாள் ஆயிற்று. நர்ஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப எடை?"

"கல்லு."

"கல்லு எப்படிம்மா ரெண்டு கிலோ ஏறும்?"

நர்ஸின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால் அன்றைக்கு யோசித்து ஒரு நியாயத்தைச் சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். மூச்சு வாங்குகிற பொம்பிளை, இருபது கிலோ கல்லை மூன்று தடவை குனிந்து வைக்கிறாள். நிமிர முடியாமல் குவியல் மேலேயே கை ஊன்றியிருப்பாள். ஊன்றிய கையின் பாரத்தையும் சேர்த்து நீல விளக்கு சிமிட்டிவிட்டது. நாளுக்கு நாள் உடம்பு மோசமாக மோசமாகக் கூடுதலாக ஊன்றியிருக்கிறாள், எடையும் கூடியிருக்கிறது. வேறொன்றுமில்லை. நர்ஸ் மெதுவாகத் தலையாட்டினாள். நியாயம் அவளுக்குப் பிடித்திருந்தது. எனக்கும்தான். பேய்க்கதை கட்டுகிறவளே பேய் இல்லை என்று சொன்னால் யாரும் மறுப்பதில்லை. தராசம்மா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"பக்கத்தை மூடித்தாம்மா ஆகணும்" என்றாள் நர்ஸ்.

"மூடுங்க. மூடறதுக்கு முன்னாடி நான் வெச்ச கள்ள எடையெல்லாம் அடிச்சுடுங்க. அது அவர் பேர்ல இருக்கக்கூடாது."

முத்திரை அலுவலகம் அவளுக்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தேன். அழிக்க முடியாது, தவறான பதிவு என்று குறிக்கலாம் என்றாள் நர்ஸ். கட்டிலிலேயே உட்கார்ந்து தேதி தேதியாகக் குறித்துக்கொண்டே போனாள். நாற்பத்தாறாம் நாள் முடிந்ததும் தராசம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"கடைசி மூணு நாள் இருக்கட்டும்."

"அதுதாம்மா ரொம்பத் தப்பு."

"இருக்கட்டும்."

நர்ஸ் விட்டுவிட்டாள். நானும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் பக்கத்தைத் திறந்தபோது, இந்தப் பக்கம் மூடப்பட்டது என்று ஒரே ஒரு வரி.

இப்போது தராசம்மா பேரில் ஒரு பக்கம். அதே மேடை, அதே நீல விளக்கு, அதே நர்ஸ். தினமும் காலையில் முதலில் ஒரு இருபது, பிறகு அவள். இருபதைத் தூக்கிவைக்கக் கடைப்பையன் வருகிறான், அவள் இனி கனம் தூக்கக் கூடாது. நேற்று 57.2, இன்று 57.1. நாடியும் ரத்த அழுத்தமும் நல்ல கட்டுக்குள் இருக்கின்றன. பதில் எழுதுவது இப்போதும் நான்தான். ஆனால் வாயைத் திறந்து அவள் சொல்வதை மட்டும்தான் எழுதுகிறேன். அனுப்புவதற்கு முன்னால் படித்துக் காட்டச் சொல்கிறாள்.

இதையும் எழுதி முடித்துக் கீழே போய்ப் படித்துக் காட்டினேன். நகைக்கடைத் தராசு ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்தாள். கடைசிவரை தலை நிமிராமல் கேட்டாள். பிறகு ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"சரியாத்தான்க்கா இருக்கு. நாப்பத்தொன்பதுகூடச் சரி. ஒரு இடத்தை மட்டும் மாத்திடுங்க."

"எந்த இடம்?"

"நான் கை ஊணினேன்னு எழுதியிருக்கீங்களே, அது. கல்லை வெச்சா ரெண்டடி தள்ளி நின்னு, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுத்தான் எடை பாக்கணும். ஆபீஸ்ல முதல் நாள் சொல்லிக் குடுத்தது. அந்த மூணு நாளும் நான் அப்படித்தான் நின்னேன்."